பதினோரு பேர் வைத்த சேனை

ஒன்பது நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நீ எடுக்கவில்லை. எடுக்காதே. நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. நூறு பேர் முன்னால் மைக் பிடித்து வருஷா வருஷம் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால், அது இன்னொரு பொய். அதனால்தான் போராட்ட நினைவு மலருக்கு என்னிடம் கேட்ட கட்டுரையை எழுதாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மலர்க் குழுவுக்குப் பிடித்தால் போடட்டும். பிடிக்காவிட்டால் நானே நோட்டீஸாக அடித்து, கச்சிராயபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் நின்று இறங்குகிறவர்கள் கையில் எல்லாம் கொடுப்பேன். செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாள் முன்பு உன் மனைவி எனக்கு போன் செய்தாள். "மாமா, கயல் ரெண்டு நாளா இருமிக்கினே இருக்கா. டாக்டர் குடுத்த இன்ஹேலரத் தூக்கி பீரோ மேல போட்டுட்டாருங்க. எடுத்தா பாருன்றாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." பின்னால் என் பேத்தி இருமுவது கேட்டது. மூன்று வயதுப் பிள்ளை அப்படி இருமக் கூடாது. அவளே போனை வாங்கி, "தாத்தா, நெஞ்சுல பூன கத்துது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பூனையின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். உன் நெஞ்சில் அது கத்தி நான் கேட்டிருக்கிறேன். உடனே உனக்கு போன் செய்தேன். அந்த ஒரு முறை எடுத்தாய். நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறேன்: "எனக்கு வந்தது போலீஸ் புகைல வந்தது. நீதான சொன்ன? அவ எந்தப் புகையப் பாத்தா? அவளுக்கு வெறும் சளி. அந்தக் கருமத்த ஒரு தடவ பழக்கிட்டா சாவற வரைக்கும் வுடாது. பொட்டப் புள்ள. நாளைக்கு எவன் கட்டிக்கினு போவான்?" சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

நீ வாத்தியார். நாற்பது பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஆயில் இஞ்சினையும் கிணற்று மோட்டாரையும் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன். உன்னை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "நீதான சொன்ன" என்ற அந்த இரண்டு வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது. ஆமாம், நான்தான் சொன்னேன். உன் இழுப்பு போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகையால் வந்தது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். அது பொய். தெரிந்தே சொன்ன பொய். இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு. ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

நீ பிறந்தது போராட்டம் சூடு பிடித்த சமயம். நம் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நானும் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு சுற்றினேன். உன் அம்மா நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை நம் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். யார் சேனை வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புவார்கள். நீ பிறந்த அன்று உன் தாய்மாமன் திருக்கோவிலூரிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். நான் அவரை வைக்க விடவில்லை. "ஒங்க குணம் எம் புள்ளைக்கு எதுக்கு மச்சான்? கடைல ஒக்காந்து ஈ ஓட்டவா? ரோட்டுல படுக்கப் போறவங்க வெப்பாங்க சேன" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினார். கடைசி வரை நம் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் செய்தது சரி.

நீ பிறந்து ஐந்தாம் நாள் சாலை மறியல் தொடங்கியது. நானும் நம் பக்கத்து ஆட்கள் பதினோரு பேரும் ஒரு குழு. மூன்றாம் நாள் மெயின் ரோட்டில் புகைக் குண்டு போட்டார்கள். அது உண்மை. என் கண் எரிந்தது, நான் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவினேன், அதுவும் உண்மை. ஆனால் அந்த இடத்துக்கும் நம் வீட்டுக்கும் மூன்று மைல். காற்று கிழக்கே அடித்தது. நம் வீடு மேற்கே, மலை பார்த்த பக்கம். நீ உள் அறையில் உன் அம்மாவின் புடவைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு பொட்டுப் புகைகூட உன் மூக்கில் ஏறவில்லை. அன்றும் அதற்கடுத்த பல நாளும் நீ நன்றாகப் பால் குடித்தாய், நன்றாகத் தூங்கினாய்.

மறியல் முடிந்ததும் ஆட்களைத் தேடத் தொடங்கினார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் கல்வராயன் மலை ஏறிவிட்டோம். கரியாலூருக்கு மேலே, நான் மோட்டார் வேலை செய்து பழகிய மலைக்காரர் ஒருவர் சாமை அடிக்கும் களத்தில் ஒரு கொட்டாய் போட்டிருந்தார். அதில் தங்கினோம். புரட்டாசி மழை விடாமல் கொட்டியது. ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. மூன்று பேருக்கு ஒரு போர்வை. ஒரே சொம்பில் தண்ணீர், ஒரே பீடியை நாலு பேர் இழுப்போம். முதலில் ஒருவன் தும்மினான். நாலு நாளில் பன்னிரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது. அந்த மலைக்காரர் வீட்டிலும் ஒரு கைப்பிள்ளை இருந்தது. கஞ்சி வாங்க நாங்கள் போனால் அவர் மனைவி வாசலில் குறுக்கே நிற்பாள். "இருமிக்கினு வர்றவங்க புள்ள கிட்ட வராதீங்க. மழ வுட்டு, ஒங்க சளி நிக்கட்டும். அப்பறம் வந்து பாருங்க, யாரு வேணான்னா?" என்பாள். கஞ்சிப் பானையை வெளியே கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எங்களுக்குச் சிரிப்பு. "பாருடா, போலீஸே நம்மளக் கிட்ட வுடுவான் போலக்கீது, இந்தம்மா வுடமாட்டேங்குது" என்று ஒருத்தன் சொன்னான். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது, பேப்பரை வரி விடாமல் படிக்கும் எனக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

தேடுதல் கொஞ்சம் ஓய்ந்தது என்று சேதி வந்ததும் ஒரு காலையில் இறங்கினோம். நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தோம். உனக்கு அப்போது மூன்று வாரம்கூட முடியவில்லை. சேனை வைக்காமல் உன்னைக் காத்து வைத்திருந்தார்கள், நான் சொன்னதற்காக. "எங்கடா சிங்கக்குட்டி? வெளிய கொண்டா" என்று வாசலிலேயே சத்தம். உன் அம்மா உன்னை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. "இன்னாயா இது, எல்லாரும் மூக்க உறிஞ்சிக்கினு நிக்கறீங்க? நாளைக்கி வெச்சுக்கலாமே" என்றாள். நான் அவளை முறைத்தேன். அவ்வளவுதான், அவள் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினோரு பேரும் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவனும் உன்னைக் கையில் வாங்கி, நெற்றியில் முத்தம் கொடுத்து, விரலைத் தண்ணீரில் தோய்த்து உன் நாக்கில் வைத்தான். "நீ வெக்காதடா, ஒன் கொணம் வந்தா புள்ள பேசிக்கினே கெடக்கும், பால் குடிக்காது" என்று ஒருத்தனைக் கேலி செய்தார்கள். வீடே சிரித்தது. ஒருத்தன் உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தும்மினான். அதற்கும் சிரித்தோம். கடைசியில் நானும் வைத்தேன். என் மூக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பதினோரு பேருடைய தைரியமும் உனக்கு வரும் என்று நினைத்தேன். அவர்களுடைய சளி வந்தது.

ஐந்தாம் நாள் உனக்கு மூக்கு அடைத்தது. அடுத்த நாள் மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிட்டாய். மூச்சுக்கு நேரமில்லாதவனுக்குப் பால் எப்படி இறங்கும்? அதற்கடுத்த நாள் காலையில் உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து உன் மூச்சை எண்ணினார். உடனே ஆக்சிஜன் வைத்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "வீட்ல யாருக்காவது சளி இருந்ததா? யாராவது வந்து குழந்தையத் தூக்கினாங்களா?" வார்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் யாரோ அடிபட்டவனோடு நின்றிருந்தார்கள். ஆமாம், பதினோரு பேர் வந்தார்கள் என்று சொன்னால் யார், எங்கிருந்து என்று கேள்வி வரும். "இல்லைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொரு முறை கேட்டார். "இல்லைங்கம்மா, யாருமே வரல. இது புகைங்க. ரோட்டுல போட்டாங்களே, அந்தப் புகைங்க" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "புகை மாதிரி எனக்குத் தெரியல. சளி தொத்தின மாதிரிதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார். உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

அன்று சொன்ன பொய்யை நான் இன்றும் குறைவாக எடை போடுவேன். ஆட்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அதற்குப் பிறகு சொன்னதற்குத்தான் மன்னிப்பு கிடையாது. நீ பிழைத்து வந்தாய். சில மாதம் கழித்துக் கேஸ் எல்லாம் அடங்கிய பிறகு ஒரு பெரிய கூட்டம். உன்னை மேடையில் ஏற்றினார்கள். "இந்தப் பச்சப் புள்ளையோட நெஞ்சுல நஞ்சப் பாய்ச்சினாங்க!" என்று ஒருவர் உன்னைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கூட்டம் அழுதது. எனக்கு மாலை போட்டார்கள். அந்த மேடையில் இருந்த பதினோரு பேருக்கும் தெரியும், நீ சீக்கானது எப்போது என்று. ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. நானும் மாலையைக் கழற்றவில்லை. அப்போது எடுத்த போட்டோவைத்தான் வருஷா வருஷம் மலரில் போடுகிறார்கள். மலர்க் குழுவுக்கு இங்கேயே சொல்கிறேன்: இந்த வருஷத்திலிருந்து அதைப் போடாதீர்கள். நம் போராட்டத்துக்கு அந்தப் பொய்யின் முட்டு தேவையில்லை. கேட்டது நியாயம், படுத்தது நியாயம். அதற்கு நான் ஒரு நாளும் வெட்கப்படப் போவதில்லை. உனக்கு வாத்தியார் வேலை கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. போராட்டத்தோடு என் வீட்டுக் குற்றத்தையும் சேர்த்து ஒளித்து வைத்தேனே, அதுதான் கேவலம்.

இன்னொரு கேவலமும் உண்டு. மேடையில் போலீஸ் மேல் பழி போட்டவன், வீட்டில் உன் அம்மா மேல் போட்டேன். ஒவ்வொரு மழைக்கும் உனக்கு இழுப்பு வரும்போது, "வெள்ளரிக்கா தின்னியா? பழைய சோத்தத் தின்னியா? பால் வழியா எறங்கியிருக்குது" என்று உறவுக்காரர்கள் அவளைப் பிய்த்தார்கள். நானும் சேர்ந்து பிய்த்தேன். ஒரு வருஷம் அவளை மிளகு ரசத்தோடு நிறுத்தினோம். அவள் எலும்பாகப் போனாள். நேற்று நான் பேனாவை எடுத்து உட்கார்ந்ததும் அவள் வந்து நின்றாள். "இன்னாயா, மலருக்கு எழுதறியா?"

"ஆமா."

"ஊருக்கெல்லாம் போலீஸு, எனக்கு மட்டும் வெள்ளரிக்கா. அதையும் சேத்து எழுது."

"எழுதறேன்."

"எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு. ஒன்ன நம்ப முடியாது."

படித்துக் காட்டித்தான் இதை அனுப்புகிறேன்.

புகை என்று ஊரை ஏமாற்றினேனே, வீட்டுக்குள் உண்மையிலேயே ஒரு புகை இருந்தது. என் பீடி. உன்னை மடியில் வைத்துக்கொண்டே பிடிப்பேன். இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு அது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். அந்த டாக்டரம்மாவே என் சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டைப் பார்த்து, "வீட்ல இத நிறுத்துங்க" என்றார். நான் கேட்கவில்லை. கயலைக் கைப்பிள்ளையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் விட்டேன். உனக்கு அது முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம்.

எல்லாவற்றையும் விட என்னைக் குத்துவது இதுதான். நீ கல்லூரி முடித்துவிட்டு போலீஸ் வேலைக்கு ஓடப் போனாய். இரண்டு மாதம் விடியலில் எழுந்து ஏரிக்கரையில் ஓடிப் பழகினாய். ஆள் எடுத்த மைதானத்தில், ஓட்டத்தில் பாதியில் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டாய். திரும்பி வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய்: "அவங்க குடுத்த நோயி, அவங்க வேலையவே எனக்கு இல்லன்னு பண்ணிடுச்சுப்பா." உன் கண் சிவந்திருந்தது. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் உன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். உனக்கு உலகத்தின் மேல் ஒரு கோபம் இருக்கட்டும், என் மேல் இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். உனக்குப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டைக்குப் போனபோதும் அப்படித்தான். உன் மாமனார், "தம்பிக்கு மூச்சு வாங்குதே, ஒடம்புக்கு ஏதாவது...?" என்று இழுத்தார். "நோய் இல்லீங்க சம்பந்தி, தழும்பு. போராட்டத்துல பட்டது" என்றேன். அவர் எழுந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வியாதியை மெடலாக மாற்றி உன் சட்டையில் குத்திவிட்டேன். இப்போது அதை நீ கழற்ற மறுக்கிறாய். கழற்றினால் அது சாதாரண ஆஸ்துமா ஆகிவிடும். உன் பெண்ணுக்கும் வரக்கூடிய ஆஸ்துமா ஆகிவிடும். உன் பயம் அதுதான். எனக்குப் புரியாது என்று நினைக்காதே.

கயலுக்கு நாற்பத்தைந்தாம் நாள் பேர் வைத்தபோது நடந்ததை நினைத்துப் பார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த உறவுக்காரப் பிள்ளைகள் அவளை மாற்றி மாற்றிக் கொஞ்சின. ஐந்தாறு நாளில் அவளுக்கும் அதே மூக்கடைப்பு, பால் மறுப்பு, விலாவில் குழி. ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டரை நான் விடவில்லை. வராண்டாவில் மடக்கி, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். அவர் மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு மரம் வரைந்தார், தலைகீழாக. மூச்சுக்குழாய் கிளை பிரிந்து பிரிந்து கடைசியில் நூல் மாதிரி ஆகிறது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகும் வைரஸ், கைப்பிள்ளைக்கு அந்த நூல் குழாய் வரை இறங்கி அதை வீங்க வைத்துவிடும் என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாலு இஞ்சு பைப்பில் ஒரு நூல் கனம் சேறு படிந்தால் தண்ணீர் பாட்டுக்கு வரும். கால் இஞ்சு பைப்பில் அதே ஒரு நூல் சேறு படிந்தால் மோட்டார் முக்கி முக்கிச் சூடாகும், தண்ணீர் வராது. வயல் வயலாக நான் பார்த்தது இது. அதே சளிதான், குழாய்தான் வேறு.

"இது சரியாப் போயிட்டா முடிஞ்சிடுமாங்க?" என்று கேட்டேன். அவர் நேர்மையாகச் சொன்னார். நிறையப் பிள்ளைகளுக்கு அதோடு முடிந்துவிடும். ஆனால் கைப்பிள்ளையில் இவ்வளவு கடுமையாக வந்த பிள்ளைகளுக்கு, பிறகு ஒவ்வொரு சளிக்கும் வீசிங் வருவதும், அது ஆஸ்துமாவாக நிலைப்பதும் மற்றப் பிள்ளைகளை விட ஜாஸ்தி. பெற்றவர்களுக்கு ஆஸ்துமா இருந்தால் இன்னும் ஜாஸ்தி. வைரஸ்தான் குழாயைக் கெடுத்ததா, இல்லை பிறவியிலேயே இருந்த பலவீனத்தை வைரஸ் வெளியே காட்டியதா என்று பெரிய டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓடுகிறது. எதுவாக இருந்தாலும் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நான் அந்த வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு விரலும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தது. உன்னைப் பெற்ற எங்கள் இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்து யாருக்கும் இழுப்பு கிடையாது. ஒருவேளை எப்படியும் உனக்கு வந்திருக்கும், யார் கண்டார்கள். வராமலும் போயிருக்கலாம். அந்த 'வராமலும் போயிருக்கலாம்' என்பதை நான் சாகும் வரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இரண்டு கூட்டத்தில் போய்ப் புகைக் கதையைப் பேசினேன். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

இப்போது உன் முறை. போன மாதம் கயலை அந்த டாக்டரிடம் காட்டியபோது அவர் உன்னைக் கேட்டிருக்கிறார்: "அப்பா அம்மா யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?" நீ என்ன சொன்னாய் என்று உன் மனைவி என்னிடம் சொன்னாள். "இல்ல டாக்டர். எனக்கு இருக்கறது போலீஸ் புகைல வந்தது." டாக்டர் அதை எழுதிக்கொள்ளாமல் விட்டிருப்பார். உன் சட்டைப் பையிலேயே ஒரு இன்ஹேலரை வைத்துக்கொண்டு, உன் பெண்ணின் இன்ஹேலரை பீரோ மேல் போட்டிருக்கிறாய். பழகிவிடும் என்கிறாய். மூச்சு பழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிடுவாயா? அதை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது குறைக்க வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்று சொல்ல டாக்டர் இருக்கிறார். பாதியில் நீயாக நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வளர வளர நிறையப் பிள்ளைகளுக்கு இது தணிந்துவிடும் என்றும் அவர்தான் சொன்னார். தணியும் வரை அவள் மூச்சு விட வேண்டாமா? எவன் கட்டிக்கொண்டு போவான் என்கிறாய். மூன்று வயதில் மூச்சை அடைத்து, இருபது வயதில் கல்யாணம் பண்ணிப் பார்க்கப் போகிறாயா? மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் பாத்ரூமுக்குள் ஒளிந்து மருந்து இழுக்க வேண்டுமா? இழுப்பு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நன்றாக இருக்கிறாள் என்று கேட்கிறவன் கேட்கட்டும், போகிறவன் போகட்டும். உன்னை நான் பொய் சொல்லிக் கட்டி வைத்தேன். உன் மனைவி அதைத் தெரிந்துகொண்டும் உன்னோடு இருக்கிறாள். ஆமாம், அவளிடம் முந்தாநாளே சொல்லிவிட்டேன். அவள் முழுதும் கேட்டாள். அப்புறம், "பரவால்ல மாமா. இத அவருகிட்ட சொல்லுங்க, அது போதும்" என்றாள். உனக்கும் எனக்கும் சேர்த்து இருக்க வேண்டிய புத்தி அவள் ஒருத்திக்கு இருக்கிறது.

என் மேல் உனக்கு வரும் கோபம் நியாயமானது. அதை வைத்துக்கொள். என்னோடு பேசாதே, என் சாவுக்கு வந்தால் போதும் என்று நினைத்தால் அப்படியே நினை. நான் கெஞ்சப் போவதில்லை. அந்தக் கோபத்தில் கயலின் மருந்தைத் தொடாதே, அவ்வளவுதான். உன் மனைவி வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறாள். பீரோ மேலிருந்து அதை நீயே இறக்கி, துடைத்து, உன் கையாலேயே எடுத்துக்கொண்டு போ. டாக்டர் உன்னிடம் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கமாட்டார். நீயாகச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்ட டாக்டரம்மா இப்போது எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். இருந்ததுங்கம்மா. வீட்டுக்கு வந்த பதினோரு பேருக்கும் சளி இருந்தது. எனக்கும் இருந்தது. எல்லோரும் குழந்தையைத் தூக்கினோம்.

நான் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நீ சொல்.